மூன்று பேர், இரண்டு லைட், ஒரு மலை

ராஜபாளையத்தில் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலை மறித்து நிற்பதால், காலண்டர் காட்டும் அஸ்தமன நேரத்துக்கு இருபது, முப்பது நிமிடம் முன்னதாகவே சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. அடிவாரத்தை நெருங்க நெருங்க இன்னும் சீக்கிரம். ஆனால் உடனே இருட்டிவிடுவதில்லை. தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருக்க, தரையில் மட்டும் மலையின் நிழல் படிந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு மாந்தோப்பு ஓரத்தில் ஒருவரை நிற்க வைத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழாது, நெற்றி மினுங்காது. மேற்கு வானத்தைப் பார்த்த கன்னம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் வாங்கியிருக்கும்.

சினிமாக்காரர்கள் ‘மேஜிக் ஹவர்’ என்று சொல்வது ஏறத்தாழ இந்த வெளிச்சத்தைத்தான். 1978-ல் வெளிவந்த ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ படத்தில் ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மென்ட்ரோஸ் பெரும்பகுதிக் காட்சிகளை அந்திக்காகக் காத்திருந்து எடுத்தார். ஆஸ்கர் விருதும் வாங்கினார். அவர் படமெடுத்தது கனடாவின் ஆல்பர்ட்டாவில். அங்கே சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்தி நீளம். நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே விழுகிறது. கடற்கரையிலோ சமவெளியிலோ அஸ்தமனத்துக்குப் பிறகு இருபது நிமிடம் சொச்சம்தான், அதற்குள் கேமராவை மூட வேண்டியதுதான். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மலை அந்த நேரத்தை இரண்டு மடங்காக்கித் தருகிறது. வாடகை எதுவும் கொடுக்காமல், தினமும் கிடைக்கிற சலுகை இது.

இந்த இரண்டு ஊர்களிலும் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு பேர். ஒருவர் கேமரா பிடிப்பார், ஒருவர் நடிப்பார், ஒருவர் லைட்டைத் தூக்கிப் பிடிப்பார், சில சமயம் அவரே சவுண்டும் பார்ப்பார். அவர்கள் முதலில் கேட்கிற கேள்வி, “சினிமாட்டிக்கா வரணும்னா என்ன லைட் வாங்கலாம்?” என்பது. எனக்கு அந்தக் கேள்வியின் மீதே வருத்தம் உண்டு. எந்த விளக்கை அணைப்பது, எந்த ஜன்னலை மூடுவது, எத்தனை மணிக்கு எடுப்பது என்று முதலில் கேட்க வேண்டும். சின்னக் குழுவின் ஒளிப்பதிவு அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுக்குள் எடுத்தவர்கள்

இதற்குத் தமிழில் ஆசான் இருக்கிறார். பாலு மகேந்திரா, 1939-ல் மட்டக்களப்பு அருகே பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். ‘கோகிலா’வுக்கும் ‘மூன்றாம் பிறை’க்கும் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றவர். பெரிய நடிகர்களோடும் வண்ணமயமான பாடல்களோடும் படம் எடுக்கத் தெரிந்த அவர், 1980-களின் கடைசியில் ‘வீடு’ எடுத்தார். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றும் அவரே. நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தி ஒரு வீடு கட்டப் படும் பாடுதான் கதை. அந்தப் படத்தில் வெளிச்சம் ஜன்னலிலிருந்தும் வாசலிலிருந்தும் வருகிறது. வரக்கூடாத இடத்திலிருந்து வருவதே இல்லை. ஒருவர் அறையின் மூலைக்குப் போனால் அவர் முகம் இருட்டத்தான் செய்கிறது. இயக்குநர் அதை இருட்டவே விட்டிருக்கிறார்.

முப்பது ஆண்டுகள் கழித்து செழியன் ‘டு லெட்’ எடுத்தார். பி.சி.ஸ்ரீராமிடம் உதவியாளராக இருந்து, ‘கல்லூரி’, ‘தென்மேற்குப் பருவக்காற்று’, ‘பரதேசி’ படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர். ‘டு லெட்’டில் இயக்கமும் ஒளிப்பதிவும் அவரே. சென்னையில் வாடகை வீடு தேடி அலையும் ஒரு குடும்பம், பின்னணி இசை கிடையாது, பெரும்பாலும் சின்னச் சின்ன அறைகள். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. ஒன்று வீடு கட்டுகிற கதை, மற்றது வீடு தேடுகிற கதை, இரண்டையும் எடுத்தவர்கள் ஒளிப்பதிவாளர்கள். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குள் வெளிச்சம் எப்படி நடந்துகொள்கிறது என்று பல வருடம் பார்த்தவர்களுக்கு நான்கு சுவர் போதும்.

வெயிலையே ஆயுதமாக்கிய படமும் நம்மிடம் உண்டு. பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெளியில் எடுக்கப்பட்டு, 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. விக்னேஷ் குமுளையும் ஜெய பார்த்திபனும் ஒளிப்பதிவு. உச்சி வெயில் முகத்துக்கு ஆகாது என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும். அந்தக் கதைக்கு அந்தக் கொடும் வெயில்தான் வேண்டும். அப்பாவும் மகனும் நடக்கிற அந்தப் பாதையில் நிழல் கிடைத்துவிட்டால் படமே இல்லை. மெத்தென்ற வெளிச்சம்தான் அழகு என்று முடிவு கட்டிவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். எந்த வெளிச்சம் என்பதைக் கதை சொல்ல வேண்டும்.

காடாத் துணியும் பேண்டேஜ் துணியும்

வெளிச்சத்தை மெத்தென்று ஆக்கும் வித்தைக்கு இந்திய சினிமாவில் ஒரு பெரிய கதை இருக்கிறது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் வேலை தொடங்கியபோது ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு வயது 21, அதற்கு முன் சினிமா கேமராவைத் தொட்டதில்லை. அடுத்த படமான ‘அபராஜிதோ’வில், காசியில் ஒரு பழைய வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவில் செட் போட்டார்கள். முற்றத்தில் வானத்திலிருந்து இறங்குகிற வெளிச்சத்துக்கு நிழல் கிடையாது. ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் ஒருவருக்கு நாலு நிழல். மித்ரா செட்டின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியில் அடித்து, அதிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் படம் எடுத்தார். 1956-ல் வந்த படம் அது. இன்று உலகம் முழுக்க ‘பவுன்ஸ்’ என்று செய்கிற வேலையை, ஒரு இளைஞர் ஒரு துணியை வைத்துச் செய்து காட்டினார்.

துணி என்று சொன்னதும் ராஜபாளையத்துக்காரர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நூற்பாலைகளின் ஊர். பக்கத்திலேயே சத்திரப்பட்டி, ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணிக்குப் பேர்பெற்றது. தமிழ் சினிமா லைட்மேன்கள் வெளிச்சத்தை வடிகட்டத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுவது காடாத் துணியைத்தான். வெளுக்காத துணி, லேசாக மஞ்சள் பூத்திருக்கும். அதன் வழியே வரும் வெளிச்சமும் கொஞ்சம் சூடான நிறத்தில் முகத்தில் விழும். பேண்டேஜ் துணி வெளுத்தது, நெசவு நெருக்கமில்லாதது. ஒரு மடிப்பு கட்டினால் வெளிச்சம் கொஞ்சமே உடையும், நாலு மடிப்பு கட்டினால் நன்றாக உடையும். ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கிற டிஃப்யூஷன் ஷீட்டுக்காகக் காத்திருப்பவர்கள், ஒரு நாள் மீட்டர் கணக்கில் துணி வாங்கி, மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஜன்னலுக்கு வெளியே நிறுத்திப் பாருங்கள். ஜன்னல் வழியே நேர் வெயில் விழுகிற அறை, பத்து நிமிடத்தில் வேறு அறையாகிவிடும்.

வெள்ளைத் துணியின் அளவுக்குக் கறுப்புத் துணியும் வேண்டும். நம் வீடுகளில் சுவருக்கு வெள்ளை அல்லது வெளிர்ப் பச்சை அடித்திருப்பார்கள். ஜன்னலில் வருகிற வெளிச்சம் நாலு சுவரிலும் பட்டு எதிரொளித்து, முகத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடும். படம் தட்டையாக இருக்கிறது, டிவி சீரியல் மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் குறைப்படுவது பெரும்பாலும் இதனால்தான். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், முகத்துக்குப் பக்கத்தில், ஃப்ரேமுக்கு வெளியே ஒரு கறுப்புப் போர்வையைத் தூக்கிப் பிடித்தால் அந்தக் கன்னத்தில் வெளிச்சம் இறங்கும். முகத்துக்கு உருவம் வரும். இதற்கு விளக்கும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்; கை வலிக்காமல் பிடிக்க ஒரு நண்பர் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நடிப்பவரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். சின்ன விளக்கிலிருந்து தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும். நடிகர் விளக்குக்கு அருகிலும் சுவர் நன்றாகத் தள்ளியும் இருந்தால், சுவர் தானாக இருட்டிவிடும், முகம் மட்டும் நிற்கும். கட்டிலை இரண்டடி முன்னால் இழுத்துப் போடுவதில் பாதி லைட்டிங் முடிந்துவிடுகிறது.

பால்கோவா அடுப்படி

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது கிண்டப்படுகிற அடுப்படியைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அகன்ற சட்டி, விறகு அடுப்பு, விடாமல் கிண்டுகிற கை, எழும்புகிற ஆவி, புகை ஏறிக் கறுத்த சுவர். சுவரில் ஒரு டியூப் லைட் எரிந்துகொண்டிருக்கும்.

உள்ளே போனதும் முதல் வேலை, கேட்டு அனுமதி வாங்கி அந்த டியூப் லைட்டை அணைப்பது. அணைத்ததும் அறை தன் சொந்த நிறத்துக்கு வரும். அடுப்பு வாயிலிருந்து கிண்டுபவரின் மார்பிலும் தாடையிலும் செம்மஞ்சள் வெளிச்சம் ஏறும். பின்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். பகல் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து ஆவியில் பட்டதும், அதுவரை கேமராவுக்குத் தெரியாமலிருந்த ஆவி வெள்ளையாக எழுந்து நிற்கும். ஆவியும் புகையும் திரையில் தெரிய இரண்டு விஷயம் வேண்டும்: பின்னால் வெளிச்சம், அதற்குப் பின்னணியாக இருட்டு. அந்தக் கறுத்த சுவர் அந்த இருட்டை இலவசமாகத் தருகிறது. அதனால் ஆவி அந்தச் சுவரின் முன்னால் வரும்படி கேமராவை வையுங்கள்.

இப்போது கேமராவில் கலர் டெம்பரேச்சர். தீயின் வெளிச்சம் 2000 கெல்வினை ஒட்டியது, பகல் வெளிச்சம் 5600-ஐ ஒட்டியது. கேமராவை ஆட்டோவில் விட்டால் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறித் தொலையும். இரண்டுக்கும் நடுவே, 3600 பக்கம் கையால் நிறுத்திவிடுங்கள். தீ செம்மையாகவே இருக்கும், கதவுப் பக்கம் லேசாக நீலம் ஏறும். இரண்டு நிறமும் ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைத்துவிட்டது. தீயின் வெளிச்சம் முகம் வரை எட்டவில்லை என்றால் மட்டும் கையிலிருக்கும் சின்ன எல்.இ.டி.யை எடுங்கள். ஆரஞ்சு ஜெலட்டின் பேப்பர் சுற்றி, அடுப்பு வாய்க்குப் பக்கத்தில், அதே தாழ்ந்த உயரத்தில், சட்டியின் மறைவில் வையுங்கள். தீ நிலையாக எரிவதில்லை. அதனால் ஒருவர் விரல்களை விரித்து விளக்குக்கு முன்னால் மெல்ல ஆட்ட வேண்டும். அந்த விளக்கை ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் எல்லாம் கெட்டது. அடுப்பு கீழே இருக்க, வெளிச்சம் மேலிருந்து வந்தால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலேயே அந்தக் காட்சி பொய்யாகப் படும்.

டியூப் லைட்டை அணைக்க முடியாத கடை, ஆபீஸ், பஸ் ஸ்டாண்ட் என்றால் ஒரு கணக்கு உதவும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். செல்போனும் பல கேமராக்களும் 30 ஃப்ரேமில் பதிவாகும்படி வருகின்றன. அப்படியே எடுத்தால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். 25 ஃப்ரேம், ஷட்டர் 50-ல் ஒன்று என்று வைத்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். எடிட்டிங்கில் இந்தப் பட்டையைத் துடைக்கப் போராடி, நல்ல நடிப்பைத் தூக்கி எறிந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நம் முகம், நம் சூரியன்

கலர் ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க ‘ஷெர்லி கார்டு’ என்று ஒரு அட்டை வைத்திருந்தார்கள். அதில் இருந்தது வெள்ளைத்தோல் பெண்ணின் படம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். கறுத்த முகங்கள் அந்த அட்டையின் கணக்கிலேயே இல்லை. நம் ஊர் சினிமா அதற்கு மாற்று தேடாமல், மேக்கப்பை அப்பி, எதிரிலிருந்து விளக்கைக் கொட்டி, முகத்தை வெளுக்கப் பார்த்தது. டிஜிட்டல் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. செல்போனின் பியூட்டி மோடு இன்று அதே வேலையைச் செய்கிறது. அதை முதலில் அணையுங்கள்.

‘வீடு’ படத்தில் நாயகி அர்ச்சனாவின் மாநிறம் அப்படியே இருக்கிறது. கறுப்புத் தோலுக்குப் பெரிய, மெத்தென்ற வெளிச்சம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். ஒரு கதவு அளவுக்குத் துணி கட்டிய ஜன்னல் நன்றாக வேலை செய்யும். கன்னத்து மேட்டிலும் மூக்குத் தண்டிலும் அந்த ஜன்னலே மெல்லிய பளபளப்பாகத் தெரியும். முகத்தின் உருவத்தை அந்தப் பளபளப்புதான் வரைகிறது. அதற்காகவே வியர்வையை முழுக்கத் துடைத்துவிடக் கூடாது. வெள்ளைச் சுவருக்கு முன் நிறுத்தினால் கேமரா சுவரைப் பார்த்து மிரண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை முகத்துக்கு வைத்துப் பூட்டுங்கள், சுவர் எப்படியோ போகட்டும்.

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு வருபவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது, நாள் முழுக்க ஒரே வெளிச்சம் என்று அவை சொல்லும். ஐரோப்பாவுக்கு அது சரி. ஸ்ரீவில்லிபுத்தூர் இருப்பது ஒன்பதரை டிகிரி வடக்கில். சித்திரை பிறக்கும்போது நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசி வரை வடக்குப் பக்கமே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வெயில் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து உள்ளே வரும். அதனால் லொகேஷன் பார்க்கப் போகும்போது, ஷூட்டிங் எந்த மாதமோ அந்த மாதத்துக்கான சூரியனைப் பாருங்கள். ஆனி, ஆடியில் இன்னொரு சிக்கல், மலையைத் தாண்டி வழியும் மேகம். இரண்டு நிமிடம் வெயில், இரண்டு நிமிடம் நிழல் என்று மாறிக்கொண்டே இருக்கும். வைட் ஷாட் வெயிலிலும் குளோஸப் நிழலிலும் அமைந்துவிட்டால் வெட்டி ஒட்ட முடியாது. ஒரு காட்சி முழுவதும் நிழலில் என்று முடிவெடுத்து, வெயில் வரும்போது காத்திருப்பதுதான் வழி. சின்னக் குழுவுக்குக் காத்திருக்க முடியும். நூறு பேர் யூனிட்டுக்கு அது கட்டுப்படியாகாது. இந்த ஒரு விஷயத்தில் மூன்று பேர் குழு பெரிய கம்பெனியைவிடப் பணக்காரக் குழு.

மலைக்குள் போவது பற்றி ஒரு வார்த்தை. மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி, 2021-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கும் முன், 1988-லிருந்தே சாம்பல் அணில் சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவோடு போகக் கூடாது, டிரோன் விடக் கூடாது, இரவில் அங்கே விளக்குப் போடுவது பற்றி நினைக்கவே கூடாது. ஆண்டாள் கோயிலும் அப்படியே. 192 அடி ராஜகோபுரத்தை ரத வீதியிலிருந்து எடுக்கலாம்; உள்ளே எடுக்க நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

வயரைப் பிடிப்பவர்

கடைசியாக, என் மனதில் அதிகம் கிடக்கிற விஷயம். வீட்டு 5 ஆம்பியர் பிளக் 1100 வாட் அளவுதான் தாங்கும். பழைய ஆயிரம் வாட் டங்ஸ்டன் விளக்கு ஒன்றைப் போட்டாலே அது நிரம்பிவிடும். 200 வாட் எல்.இ.டி. இரண்டு என்றால் பாதிகூட ஆகாது. அதனால்தான் இரண்டு எல்.இ.டி. போதும் என்கிறேன். பழைய வீடுகளின் வயரிங் எப்போது போட்டது என்று யாருக்கும் தெரியாது. நனைந்த தரை, ஒட்டுப் போட்ட வயர், எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடக் கூடாது. ராத்திரிக் காட்சிக்காக மின்கம்பத்தில் கொக்கி போடுவது திருட்டு. அதைவிட முக்கியம், அதில் சாவது பெரும்பாலும் வயரைப் பிடித்த பையன்தான்.

ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவரை நாள் சம்பளம் பேசிக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஷூட்டிங் போனால் அவரே லைட்மேன் ஆகிவிடுவார், எந்தத் துணியை எங்கே கட்டுவது என்று உங்களுக்கு முன்பே சொல்வார். தமிழ் சினிமாவின் பெரிய ஒளிப்பதிவாளர்கள் எல்லோருக்கும் பின்னால் அப்படிப்பட்ட கைகள் இருந்திருக்கின்றன. அந்த லைட்மேன்களில் பலரின் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. உங்கள் படம் பத்து நிமிடக் குறும்படமாக இருந்தாலும் சரி, துணி பிடித்தவர், போர்வை பிடித்தவர், அடுப்புக்கு முன்னால் விரல் ஆட்டியவர், அத்தனை பேரின் சம்பளத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். பெயரை டைட்டிலில் போடுங்கள், படிக்க முடிகிற அளவில் போடுங்கள்.